காலையில் கண்புரை அறுவை, மாலையில் வீடு: அடுத்த ஆறு வாரங்களுக்கு ஒரு வழிகாட்டி

"அறுவை முடிந்த அன்றே அனுப்பிவிடுகிறீர்களே, ஓர் இரவாவது இங்கே வைத்துப் பார்க்கக் கூடாதா?" கண்புரை அறுவைக்கு நாள் குறிக்கும் மேசையில் எங்கள் செவிலியர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் நோயாளர் அல்லர். உடன் வந்த மகளோ மருமகளோ பேரனோதான். இரவு பதினொரு மணிக்கு அம்மாவுக்கு வலி எடுத்தால் யாரைக் கேட்பது, சொட்டு மருந்தைத் தவறாக விட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் அக்கேள்விக்குள் இருக்கிறது. அந்த அச்சம் நியாயமானது. உள்நோயாளர் பிரிவில் செவிலியர் செய்யும் பணியில் பெரும்பகுதி, அன்றே வீடு திரும்பும் அறுவையில் குடும்பத்தின் கைக்கு மாறுகிறது. அப்பணி எது, அதில் தவறவே கூடாதது எது என்பதை இந்த இதழில் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

அன்றே அனுப்புவது ஏன்?

அறுவை செய்தவரை வீட்டிலேயே தேற்றலாம் என்னும் எண்ணம் புதிதன்று. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஜேம்ஸ் நிக்கோல் என்னும் அறுவை மருத்துவர், பத்தாண்டுகளில் ஏறத்தாழ 9,000 அறுவைகளைப் புறநோயாளர் முறையில் செய்த அனுபவத்தை 1909ஆம் ஆண்டில் வெளியிட்டார். குழந்தைகள் அன்றே தாயின் மடியில் வீடு திரும்பினர். செவிலியர் வீடு தேடிச் சென்று பார்த்து வந்தனர். வீட்டுக்கு அனுப்புவது என்பது கைவிடுவது அன்று, கவனிப்பு தொடர வேண்டும் என்பது அம்முறையின் அடிப்படை.

கண்புரையைப் பொறுத்தவரை, காரணம் வெட்டின் அளவில் இருக்கிறது. மங்கிய லென்ஸை ஊசியால் தள்ளிப் பார்வை தரும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. லென்ஸைத் தள்ளாமல் வெளியே எடுக்கும் முறையை 1747ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் ழாக் தவியேல் தொடங்கி வைத்தார். அதன்பின் நெடுங்காலம் அந்த அறுவைக்குக் கருவிழியின் விளிம்பில் பெரிய வெட்டு தேவைப்பட்டது. அது திறந்துகொள்ளாமலிருக்க நோயாளர் இரு கண்களும் கட்டப்பட்டு, தலையின் இருபுறமும் மணல் மூட்டை வைக்கப்பட்டு, நாள் கணக்கில் அசையாமல் கிடந்தனர். உங்கள் வீட்டு முதியவர்கள் தம் பெற்றோரைப் பற்றிச் சொல்லும் கதை அதுதான். இன்றைய அச்சத்தின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

1967ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், புரையை ஒலி அலையால் நொறுக்கி உறிஞ்சும் முறையை அறிமுகப்படுத்தினார். 'பேக்கோ' என்று நாம் அழைப்பது அதுவே. இன்று அதற்கான வெட்டு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. மடித்துச் செலுத்தப்படும் செயற்கை லென்ஸ் உள்ளே விரிந்துகொள்கிறது. முற்றிய புரைக்குச் செய்யப்படும் சிறுவெட்டு முறையில் வெட்டு 6 முதல் 7 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். இரண்டிலும் வெட்டு சாய்வாக அமைவதால், கண்ணின் உள்ளழுத்தமே கதவைச் சாத்துவதுபோல் அதை மூடிவிடுகிறது. தையல் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

இம்முறைகளை எளியோருக்கும் எட்டச் செய்ததில் தமிழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1976ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மருத்துவர் கோ. வெங்கடசாமி, நம் புதுச்சேரியில் வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1992ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தார் மதுரையில் நிறுவிய ஆரோலேப், வெளிநாட்டிலிருந்து மிகுந்த விலைக்கு வந்துகொண்டிருந்த செயற்கை லென்ஸை இங்கேயே குறைந்த விலையில் செய்து காட்டியது. புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்தில் அதன் கிளை 2003ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது.

நாள் குறிக்கும் முன்

கண்ணின் நீளமும் கருவிழியின் வளைவும் அளக்கப்பட்டு, பொருத்த வேண்டிய லென்ஸின் திறன் கணக்கிடப்படும். கண்ணீர்ப் பாதையில் சீழ் இருக்கிறதா என்று நீர் செலுத்திப் பார்ப்போம். இருந்தால் அறுவை தள்ளிவைக்கப்படும். இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லையென்றாலும் அவ்வாறே. தள்ளிவைக்கும்போது குடும்பத்தாருக்கு ஏமாற்றம் ஏற்படுவதை அறிவோம். கிருமித் தொற்று கண்ணுக்குள் புகுந்துவிட்டால் நேரும் இழப்பு அதைவிட மிகப் பெரிது.

உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். இரண்டைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். முதலாவது, இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாகவே அதை நிறுத்திவிட்டு வருவது ஆபத்தானது. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். இரண்டாவது, ஆண்கள் புராஸ்டேட் வீக்கத்துக்காக உண்ணும் டாம்சுலோசின் போன்ற மாத்திரை. அது கண்மணியைச் சூழ்ந்த திரையைத் தளரச் செய்யும். முன்னரே தெரிந்தால் அறுவை மருத்துவர் அதற்கேற்ப ஆயத்தமாவார். சிறுநீர்த் தொல்லைக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணிப் பலர் இதைச் சொல்லாமல் விடுகின்றனர்.

அறுவை நாள்

காலையில் தலைக்குக் குளித்து, மை, பொட்டு, பூ, நகை எதுவுமின்றி வாருங்கள். மரப்பு மருந்து கண்ணுக்கு மட்டும் தரப்படுவதால் பெரும்பாலோர் பட்டினி இருக்க வேண்டியதில்லை. எளிய சிற்றுண்டி போதும். சர்க்கரை நோயாளர்கள் உணவையும் மருந்தையும் எப்படி எடுக்க வேண்டும் என்பதை முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். உடன் ஒருவர் கட்டாயம் வர வேண்டும்.

எந்தக் கண், யார் பெயர் என்று ஒரே கேள்வியைச் செவிலியர், மருத்துவர், உதவியாளர் எனப் பலரும் கேட்பார்கள். கவனக் குறைவு என்று எண்ண வேண்டாம். தவறு நேராதிருக்கவே திரும்பத் திரும்பக் கேட்கிறோம். கண்மணி விரிய மருந்து விடப்படும். அயோடின் கலந்த கரைசலால் கண் தூய்மை செய்யப்படும். சொட்டு மருந்தாலோ கண்ணருகே இடும் ஊசியாலோ கண் மரத்துப்போகும். நீங்கள் விழித்திருப்பீர்கள், பேச்சுக் குரல்களும் கருவியின் ஒலியும் கேட்கும், ஒளியும் நிறங்களும் அசைவது தெரியலாம். சிக்கலற்ற புரைக்கு அறுவை நேரம் பெரும்பாலும் அரை மணிக்கும் குறைவு. இருமலோ தும்மலோ வந்தால் அடக்க முயலாமல், தலையை அசைக்காமல், வாயால் சொல்லுங்கள். மருத்துவர் கருவியை எடுத்துக்கொண்டு காத்திருப்பார்.

முதல் இரவு

வீட்டுக்கு ஆட்டோவிலோ காரிலோ செல்லுங்கள். இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கை வேண்டாம். தூசியும் குலுக்கலும் தலைக்கவசத்தின் உரசலும் அன்று கண்ணுக்கு ஆகாதவை.

ஊசி இட்டிருந்தால் சில மணி நேரம் இமை தொங்கலாம், உருவங்கள் இரட்டையாகத் தெரியலாம். மரப்பு விலகியதும் மண் விழுந்தது போன்ற உறுத்தல், நீர் வடிதல், இலேசான வலி ஆகியவை வரும். மருத்துவர் எழுதித் தந்த பாராசிட்டமால் மாத்திரைக்கு அவ்வலி அடங்க வேண்டும். மல்லாந்தோ, அறுவை செய்யாத கண் பக்கமாகவோ படுக்கலாம். உறக்கத்தில் கை கண்ணைத் தேய்த்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் மூடி அவசியம். முதல் வாரம் முழுவதும் இரவில் அது இருக்கட்டும்.

ஒரு கண் மூடியிருக்கும்போது தொலைவையும் ஆழத்தையும் மதிப்பிடுவது கடினம். நகரின் தமிழ்ப் பகுதியிலுள்ள பழைய வீடுகளில் திண்ணைப் படி, உயர்ந்த வாசற்படி, முற்றத்துப் பள்ளம் என்று கால் இடறும் இடங்கள் பல. பழகிய வீடுதானே என்னும் எண்ணமே விழச் செய்கிறது. கழிவறைக்குச் செல்லும் வழியில் விளக்கு எரியட்டும். மிதியடியையும் மின்கம்பிகளையும் அகற்றிவிடுங்கள். அன்றிரவு ஒருவர் அதே அறையில் படுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் காப்பியைத் தாமே ஊற்றிக்கொள்ளவும் விட வேண்டாம்.

சொட்டு மருந்து விடும் முறை

அறுவை மருத்துவரின் பணிக்கு அடுத்து, கண்ணைக் காப்பது இதுவே. கிருமியை ஒழிக்கும் மருந்தும் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தும் பொதுவாகத் தரப்படும். ஸ்டீராய்டை நாளொன்றுக்கு இத்தனை முறை என்று தொடங்கி, வாரந்தோறும் குறைத்து, நான்கு முதல் ஆறு வாரங்களில் நிறுத்துவோம். கண் தெளிந்துவிட்டது என்று இரண்டாம் வாரத்திலேயே நிறுத்தினால் உள்வீக்கம் திரும்பலாம். நன்றாக இருக்கிறதே என்று மாதக்கணக்கில் தொடர்ந்தால் கண் அழுத்தம் உயரலாம். இரண்டும் பார்வையைக் கெடுப்பவை.

கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். குப்பியைக் குலுக்கச் சொல்லியிருந்தால் குலுக்குங்கள். நோயாளரை அண்ணாந்து மேலே பார்க்கச் சொல்லி, கீழ் இமையை மெல்ல இழுத்து, அந்தப் பையில் ஒரு துளி விடுங்கள். கருவிழி மீது நேராக விட வேண்டியதில்லை. குப்பியின் முனை இமையையோ இமைமுடியையோ தொடக் கூடாது. பின் கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரம் உள்ள கண்முனையை ஒரு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். மருந்து தொண்டைக்குள் இறங்காமல் கண்ணில் தங்கும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். வடிவதைத் துடைக்கப் பழைய புடவைத் துணியோ முந்தானையோ வேண்டாம். தூய பஞ்சு போதும். ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் விடுங்கள். ஈடுகட்ட இரண்டு மடங்காக விட வேண்டாம்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், நந்தியாவட்டைப் பூச்சாறு ஆகியவற்றை அன்பின் காரணமாகக் கண்ணில் விடுவோர் இன்றும் உண்டு. வெட்டு ஆறாத கண்ணில் இவை கிருமிக்கு வாயிலைத் திறந்துவிடும். பாட்டியின் மனம் நோகாமல், ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரங்கள்

தொலைக்காட்சி பார்க்கலாம், நாளிதழ் படிக்கலாம், கைப்பேசியில் பேரப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசலாம். பார்ப்பதால் கண் கெடாது. கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். முகத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளலாம். தலைக்குக் குளிப்பதையும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் மருத்துவர் சொல்லும்வரை ஒத்திவையுங்கள். கடலில் மூழ்குவது இக்காலத்தில் அறவே கூடாது. வைத்திக்குப்பத்தில் மாசிமகத் தீர்த்தவாரி நடக்கும் காலத்தில் அறுவை செய்துகொள்வோர் இதை முன்கூட்டியே எண்ணி நாள் குறிப்பது நல்லது. மாலையில் கடற்கரைச் சாலையில் நடக்கத் தடையில்லை. காற்றில் மணல் பறக்கும் என்பதால் கறுப்புக் கண்ணாடி அணிந்து செல்லுங்கள்.

தண்ணீர்க் குடம், எரிவாயு உருளை போன்ற கனமானவற்றைத் தூக்க வேண்டாம். முதல் வாரம் தலையை மிகவும் தாழ்த்திக் குனிவதைத் தவிர்க்கலாம். கோயிலில் விழுந்து வணங்குவோரும் தொழுகையில் சஜ்தா செய்வோரும் சில நாட்கள் நாற்காலியில் அமர்ந்தே வழிபடலாம். அடுப்புப் புகையருகே நிற்க வேண்டாம். வண்டி ஓட்டுவதை மருத்துவர் பார்வையைச் சோதித்துச் சொன்ன பிறகு தொடங்குங்கள்.

உணவில் பத்தியம் இல்லை. மீன், முட்டை, கத்திரிக்காய் உண்டால் சீழ் வைக்கும் என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. புண் ஆறப் புரதம் தேவை. மலச்சிக்கலில் முக்காதிருக்கக் கீரையும் பழமும் தண்ணீரும் தேவை. சர்க்கரை நோயாளருக்கு வழக்கமான கட்டுப்பாடு மட்டும் தொடரட்டும்.

நிறங்கள் மாறித் தெரிவது இயல்பு. பழுப்பேறிய லென்ஸ் வழியே ஆண்டுக்கணக்கில் பார்த்தவருக்கு, வெள்ளைச் சுவர் நீலம் பூசியதுபோல் தோன்றும். சில நாட்களில் பழகிவிடும். சிலருக்கு மறுநாளே பார்வை தெளியும். முற்றிய புரை எடுத்தவருக்குக் கருவிழி வீக்கம் வடிய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். பக்கத்து வீட்டாரின் கண்ணோடு ஒப்பிட்டு வருந்த வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

இக்கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்களானால் இதைப் படியுங்கள். அறுவைக்குப் பின் கண்ணுக்குள் கிருமித் தொற்று ஏற்படுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவே. ஆனால் ஏற்பட்டால் நாள் கணக்கில் அன்று, மணிக்கணக்கில் பார்வை அழியும். பெரும்பாலும் முதல் வாரத்துக்குள், நோயாளர் வீட்டில் இருக்கும்போது அது தொடங்குகிறது.

1. குறைந்துகொண்டு வந்த வலி மீண்டும் கூடுதல், மாத்திரைக்கு அடங்காத வலி.
2. தெளிந்த பார்வை மறுபடி மங்குதல்.
3. சிவப்பு அதிகரித்தல், இமை வீங்குதல், சீழ் வடிதல்.
4. தலைவலியுடன் வாந்தி, இது கண் அழுத்தம் உயர்ந்ததைக் குறிக்கலாம்.
5. மின்னல் போன்ற ஒளிக்கீற்றுகள், திடீரென்று மிதக்கும் கரும்புள்ளிகள், ஒரு பக்கமாகத் திரை விழுவது போன்ற நிழல். இவை விழித்திரை விலகுவதைக் குறிக்கலாம்.
6. கண்ணில் அடிபடுதல்.

இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே வாருங்கள். நாளை மறுநாள் பரிசோதனை இருக்கிறதே, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருப்போர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மருத்துவரைத் தொந்தரவு செய்யலாமா என்று தயங்குவோரும் உண்டு. அந்தத் தயக்கத்தின் விலை ஒரு கண்ணாக இருக்கலாம். தொற்று என்று தெரிந்தால் கண்ணுக்குள்ளேயே மருந்து செலுத்துவோம். விரைவில் செலுத்தினால் பார்வை பிழைக்க வாய்ப்பு மிகுதி. வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று திரும்பிச் செல்வதை நாங்கள் வீண் வருகையாகக் கருதுவதே இல்லை. இரவிலும் விடுமுறையிலும் அழைக்க வேண்டிய எண் உங்கள் வீடு திரும்பும் சீட்டின் முதல் வரியில் அச்சிடப்பட்டிருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வேறு சொட்டு மருந்து வாங்கி விட்டுப் பார்ப்பது நேரத்தை இழப்பதாகும்.

தொலைவில் வாழ்வோருக்கும் தனித்து வாழ்வோருக்கும்

காரைக்கால் இங்கிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அங்கிருந்தும் விழுப்புரம், கடலூர் மாவட்டச் சிற்றூர்களிலிருந்தும் வருவோர், முதல் இரவை நகரிலுள்ள உறவினர் வீட்டில் கழித்து, மறுநாள் பரிசோதனைக்குப் பின் ஊர் திரும்புவது நலம். ஊரில் அவசரம் நேர்ந்தால் எந்த வண்டி, யார் ஓட்டுவார், பகலில் எந்த மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது என்பவற்றை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள் பிரான்சில் இருக்க, இங்கே தனித்து வாழும் பெரியவர்கள் நம் நகரில் பலர். அவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். "நானே பார்த்துக்கொள்வேன்" என்று கையெழுத்திட்டுவிட்டுத் தனியே செல்ல நாங்கள் இசைவதில்லை. முதல் நாள் இரவுக்கும் மருந்து விடுவதற்கும் ஒருவர் வேண்டும். அவர் அண்டை வீட்டாராகவோ வீட்டு வேலைக்கு வருபவராகவோ இருக்கலாம். அவரை அழைத்து வாருங்கள். மருந்து விடும் முறையை எங்கள் செவிலியர் செய்து காட்டி, அவரையும் ஒருமுறை செய்யச் சொல்வார். எவரும் இல்லையெனில் நாள் குறிக்கும்போதே சொல்லுங்கள். அத்தகையோரை ஓர் இரவு உள்நோயாளராக வைத்துக்கொள்வதில் எங்களுக்குத் தடையில்லை. அன்றே திரும்புவது விதியன்று, வசதிதான்.

செலவு பற்றி

மருத்துவக் காப்பீட்டில் 24 மணி நேரம் தங்கியிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை, பகல்நேர அறுவைகளின் பட்டியலில் உள்ள கண்புரைக்குப் பொதுவாகப் பொருந்தாது. ஆயினும் புதிய காப்பீட்டில் கண்புரைக்குக் காத்திருப்புக் காலமும், லென்ஸ் விலைக்கு உச்சவரம்பும் இருக்கக் கூடும். பத்திரத்தைக் கொண்டு வந்து முன்பே காட்டுங்கள். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 70 வயது நிறைந்தோரை வருமான வரம்பின்றிச் சேர்க்கும் விரிவாக்கத்தை மத்திய அரசு 2024ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆதார் அட்டையுடன் உதவி மேசையை அணுகினால் அட்டை பெறும் வழியைச் சொல்வார்கள்.

ஆறு வாரங்களுக்குப் பின்

கண் நிலைபெற்ற பின்னரே கண்ணாடி எழுதித் தரப்படும். வழக்கமான ஒற்றைக் குவிய லென்ஸ் தொலைப் பார்வைக்கு அமைக்கப்படுவதால், படிக்கக் கண்ணாடி தேவைப்படும். அறுவை தோற்றுவிட்டது என்று பொருளன்று. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து லென்ஸைத் தாங்கும் உறை மங்கினால், புரை மீண்டும் வந்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம். அதைச் சில நிமிடங்களில், வெட்டின்றி, லேசர் ஒளியால் சரிசெய்யலாம். மறு கண்ணிலும் புரை இருந்தால் முதற்கண் ஆறிய பின் நாள் குறிப்போம்.

பராமரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். அறிகுறிகள் உள்ள பக்கத்தை வெட்டி எடுத்து, நாட்காட்டியருகே ஒட்டிவையுங்கள். மருந்து விடும் வேளைகளை அந்நாட்காட்டியிலேயே குறித்து, விட்டதும் அடித்துவிடுங்கள். பரிசோதனைக்கு வரும்போது அதையும் கொண்டு வாருங்கள். வீட்டில் நடந்ததை அதைவிடத் தெளிவாக எங்களுக்குச் சொல்வது வேறெதுவும் இல்லை.